மோட்கேஜ் செயலி காட்டும் தொகையும் வங்கி கேட்கும் தொகையும்

கனடாவில் வீடு வாங்கிய ஒருவருக்கு இன்னும் 400,000 டொலர் மோட்கேஜ் பாக்கி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வட்டி 5.24 சதவீதம், மாறாத வட்டி. ஒப்பந்தம் முடிய இன்னும் 2 ஆண்டுகள் இருக்கின்றன. இதற்கிடையில் வட்டி இறங்கிவிட்டது. பழைய ஒப்பந்தத்தை முறித்துவிட்டுக் குறைந்த வட்டிக்கு இப்போதே புதுப்பித்தால் எவ்வளவு அபராதம் வரும் என்று கைப்பேசிச் செயலியில் பார்க்கிறார். 9,600 டொலர் என்று வருகிறது. மனதைத் திடப்படுத்திக்கொண்டு வங்கியை அழைக்கிறார். 14,400 டொலர் என்கிறார்கள்.

எண்கள் நான் எடுத்துக்கொண்டவை. ஆனால் இந்தக் குழப்பம் உண்மையானது, பல வீடுகளில் நடப்பது. இருவருமே கூட்டல் கழித்தலைச் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். எடுத்துக்கொண்ட வட்டிதான் வேறு. அந்த 4,800 டொலர் எங்கிருந்து முளைத்தது என்று புரிந்துகொண்டால், மோட்கேஜ் பற்றித் தெரிய வேண்டியதில் பெரும்பகுதி தெரிந்துவிடும். எனவே அடிப்படையிலிருந்து தொடங்குகிறேன்.

இரண்டு காலங்கள்

செயலியைத் திறந்ததும் அது கேட்கும் கட்டங்களில் இரண்டு, ஆண்டுகளைக் கேட்கும். ஒன்று அமோர்ட்டைசேஷன், அதாவது கடன் முழுவதும் அடைந்து முடிய ஆகும் காலம். பெரும்பாலும் 25 ஆண்டுகள், சிலருக்கு 30. மற்றது டேர்ம், அதாவது இப்போதைய வட்டியும் நிபந்தனைகளும் செல்லுபடியாகும் ஒப்பந்தக் காலம். 5 ஆண்டுகள் என்பதுதான் அதிகம் காணப்படுவது. 1, 2, 3 ஆண்டுகளுக்கும் எடுக்கலாம், 10 ஆண்டுகளுக்கும் எடுக்கலாம்.

அமெரிக்காவில் 30 ஆண்டுகளுக்கும் ஒரே வட்டி என்று கடன் எடுப்பது சாதாரணம். கனடாவில் அப்படியில்லை. 25 ஆண்டுக் கடனை 5 ஆண்டு ஒப்பந்தங்களாக எடுத்தால், முதல் ஒப்பந்தத்தையும் சேர்த்து ஐந்து முறை வங்கியோடு உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் அன்றைய சந்தையில் உள்ள வட்டிதான் கிடைக்கும். புதுப்பித்தல் என்பது இதுதான். அந்த நாள் வருவதற்கு முன்பே ஒப்பந்தத்தை முறிப்பதற்குத்தான் அபராதம்.

இந்த இரண்டு கட்டங்களையும் மாற்றி நிரப்பிவிட்டுத் திகைத்துப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அமோர்ட்டைசேஷன் கட்டத்தில் 5 என்று போட்டால், முழுக் கடனையும் 5 ஆண்டுகளில் அடைப்பதற்கான தவணையைச் செயலி காட்டும். வீட்டையே வேண்டாம் என்று சொல்ல வைக்கும் தொகை அது.

தவணை எப்படி வருகிறது

500,000 டொலர், 5 சதவீத மாறாத வட்டி, 25 ஆண்டுகள், மாதத் தவணை. இந்த நான்கையும் கொடுத்தால் கனடாவுக்கான செயலி 2,908.02 டொலர் என்று காட்ட வேண்டும்.

உங்கள் செயலி 2,922.95 என்று காட்டினால் அதை அழித்துவிடலாம். அல்லது வட்டி கூட்டும் முறையை மாற்றும் வசதி அமைப்புகளில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். அது வேறு நாட்டுக்காக எழுதப்பட்ட செயலி. அமெரிக்க முறையில் வட்டி மாதத்துக்கு ஒருமுறை கூட்டப்படுகிறது. கனடாவில் மாறாத வட்டி மோட்கேஜுக்கு அரையாண்டுக்கு ஒருமுறை கூட்டுவதே வழக்கம். ஆண்டுக்கு ஒருமுறை அல்லது அரையாண்டுக்கு ஒருமுறை என்ற கணக்கில் வட்டியை ஒப்பந்தத்தில் காட்ட வேண்டும் என்று நாட்டின் வட்டிச் சட்டம் சொல்வதே இதற்குக் காரணம். மாறும் வட்டிக் கடனில் மாதக் கூட்டல் பரவலாக உண்டு. உங்கள் ஒப்பந்தத்தில் எது என்று எழுதியிருக்கும். மாதம் 15 டொலர் வித்தியாசம் பெரிதாகத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் இந்த அடிப்படையிலேயே தவறும் செயலியிடம் அபராதக் கணக்கைக் கேட்பதில் பொருளில்லை. எந்தச் செயலியை இறக்கினாலும் முதலில் இந்த நான்கு எண்களையும் போட்டுச் சோதித்துவிடுங்கள். கனடா நிதி நுகர்வோர் முகமையின் இணையதளத்திலும் மோட்கேஜ் கணிப்பான் இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க அது நல்ல துணை.

தவணை வந்ததும் பலர் செயலியை மூடிவிடுகிறார்கள். தயவுசெய்து மூடாதீர்கள். அடுத்த திரையில் ஓர் அட்டவணை இருக்கும். முதல் மாதம் கட்டும் 2,908.02 டொலரில் வட்டிக்குப் போவது 2,061.96, அசலில் கழிவது 846.06 மட்டும். 5 ஆண்டு முடிவுக்கு உருட்டிப் பாருங்கள். கட்டியது சுமார் 174,480 டொலர். கடன் குறைந்தது சுமார் 57,460 டொலர். மீதி 117,000 டொலருக்கு மேல் வட்டியாகவே போயிருக்கிறது. இந்த அட்டவணையைக் கடன் எடுப்பதற்கு முன்பே குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்துவிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

தவணையை எத்தனை நாளுக்கு ஒருமுறை கட்டுவது என்ற கட்டமும் கவனத்துக்குரியது. இரு வாரத் தவணை என்று இரண்டு வகை இருக்கும். ஒன்று சாதாரணமானது, ஆண்டு முழுவதும் கட்டும் மொத்தம் 12 மாதத் தவணைகளின் அளவேதான். மற்றது துரிதத் தவணை. மாதத் தவணையில் சரிபாதியை, நம் கணக்கில் 1,454.01 டொலரை, ஆண்டுக்கு 26 முறை கட்டுவது. 26 அரைத் தவணை என்பது 13 முழுத் தவணை. ஆண்டுக்கு ஒரு மாதத் தவணை கூடுதலாகப் போய்விடுகிறது, அது முழுவதும் அசலில் கழிகிறது. வட்டி மாறாமல் 5 சதவீதமாகவே இருந்தால் 25 ஆண்டுக் கடன் ஏறக்குறைய இருபத்தொன்றரை ஆண்டில் அடைந்துவிடும். இரு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம் வாங்குபவர்களுக்கு இது பொருந்திப் போகும்.

முதன்முறை வீடு வாங்குபவர் கவனிக்க வேண்டியது இன்னொன்று. முன்பணம் 20 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் மோட்கேஜ் காப்புறுதி, அதாவது கடன் அடையாமல் போனால் வங்கியைக் காக்கும் காப்புறுதி, கட்டாயம். முன்பணம் 10 சதவீதத்துக்கும் குறைவு என்றால் அந்தக் கட்டணம் கடன் தொகையில் 4 சதவீதம். அது வழக்கமாகக் கடனோடு சேர்க்கப்படும். ஒன்ராறியோவில் அந்தக் கட்டணத்தின் மீது 8 சதவீத மாகாண வரியும் உண்டு. அதைக் கடனில் சேர்க்க முடியாது, வீடு கைமாறும் நாளில் கையிலிருந்துதான் கொடுக்க வேண்டும். செயலி இவற்றைக் கணக்கில் எடுக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

புதுப்பிக்கும் நாள்

2022 மார்ச்சில் 0.25 சதவீதமாக இருந்த கனடா மத்திய வங்கியின் அடிப்படை வட்டி, பத்து முறை ஏறி 2023 ஜூலையில் 5 சதவீதத்தைத் தொட்டது. 2024 ஜூனில்தான் இறங்கத் தொடங்கியது. 2021இல் 2 சதவீதத்துக்கும் குறைவான வட்டிக்குக் கடன் எடுத்தவர்கள் புதுப்பிக்க வரும்போது சந்தை முற்றிலும் மாறியிருந்தது.

செயலியில் ஒரு கணக்கு. 500,000 டொலர், 1.99 சதவீதம், 25 ஆண்டுகள்: மாதம் சுமார் 2,115 டொலர். 5 ஆண்டுகள் கழித்துப் பாக்கி ஏறக்குறைய 418,760 டொலர். அதை 4.29 சதவீதத்தில் மீதி 20 ஆண்டுகளுக்குப் புதுப்பித்தால் மாதம் சுமார் 2,594. கடன் குறைந்திருக்கிறது, தவணை மட்டும் 480 டொலர் கூடியிருக்கிறது. இதைப் புதுப்பிக்கும் வாரத்தில் தெரிந்துகொள்வதற்கும் ஓராண்டுக்கு முன்பே தெரிந்துகொள்வதற்கும் ஒரு குடும்பத்தின் நிம்மதியில் பெரிய வேறுபாடு இருக்கிறது. செயலியால் கிடைக்கும் முதன்மையான பயன் இதுதான் என்று நினைக்கிறேன். அடுத்த புதுப்பித்தலுக்கான தவணையை இன்றே மூன்று நான்கு வட்டிகளில் போட்டுப் பார்க்கலாம்.

மத்திய அரசின் கண்காணிப்பில் உள்ள வங்கிகள், ஒப்பந்தம் முடிய குறைந்தது 21 நாட்களுக்கு முன்பு புதுப்பித்தல் அறிக்கையைத் தர வேண்டும். அந்தக் கடிதம் வரும்வரை காத்திருக்காதீர்கள். 21 நாளில் வேறு வங்கிகளை விசாரித்து, பத்திரங்களைத் திரட்டி, மாறுவது கடினம். பல வங்கிகள் ஒப்பந்தம் முடிய 120 நாட்கள் இருக்கும்போதே, தங்களிடமே தொடர்பவர்களை அபராதமின்றிப் புதுப்பிக்க விடுகின்றன. முன்கூட்டிய புதுப்பித்தலில் செலவில்லாத வழி இது ஒன்றுதான். ஆனால் அது அதே வங்கியில் இருப்பவர்களுக்கு. வேறு வங்கிக்கு மாறுபவர் ஒப்பந்தம் முடியும் நாளில் மாறினால்தான் அபராதம் இருக்காது. புதிய வங்கியில் வட்டியை முன்கூட்டியே பிடித்துவைத்துக்கொண்டு, கைமாற்றத்தை அந்த நாளுக்கு அமைத்துக்கொள்ளலாம்.

மாறுவது முன்பைவிட இப்போது எளிது. காப்புறுதி இல்லாத கடனைத் தொகையையோ கடன் காலத்தையோ கூட்டாமல், ஒப்பந்தம் முடியும்போது வேறு வங்கிக்கு மாற்றினால், 2024 நவம்பர் 21 முதல் கூடுதல் வட்டித் தாங்குதிறன் சோதனை, அதாவது ஒப்பந்த வட்டியைவிடக் கூடிய வட்டியிலும் தவணையைக் கட்ட முடியுமா என்று பார்க்கும் ஸ்ட்ரெஸ் டெஸ்ட், கட்டாயமில்லை. பேரம் பேசும்போது இதை நினைவில் வைத்திருங்கள்.

காலத்துக்கு முன்பே முறித்தால்

இனி அந்த 9,600க்கும் 14,400க்கும் வருகிறேன்.

மூடிய மோட்கேஜில், அதாவது நம்மில் பெரும்பாலானோர் வைத்திருக்கும் வகையில், ஒப்பந்தம் முடியும் முன் முறித்தால் அபராதம் உண்டு. மாறும் வட்டிக் கடனாக இருந்தால் அது பெரும்பாலும் 3 மாத வட்டி. நம் உதாரணத்தில் 400,000 டொலருக்கு 5.24 சதவீதத்தில் ஓராண்டு வட்டி 20,960. அதில் கால்பங்கு 5,240 டொலர். கணக்கு அவ்வளவுதான், எந்தச் செயலியும் ஏறக்குறைய சரியாகச் சொல்லிவிடும்.

மாறாத வட்டிக் கடனில் இரண்டு தொகைகளைக் கணக்கிட்டு, எது பெரிதோ அதைக் கேட்பார்கள். ஒன்று அதே 3 மாத வட்டி. மற்றது வட்டி வித்தியாசத் தொகை. வங்கிக்காரர்களும் மோட்கேஜ் முகவர்களும் இதை ஐஆர்டி என்பார்கள். வங்கியின் வாதம் இது: இன்னும் 2 ஆண்டுகளுக்கு 5.24 சதவீதம் தருவதாகக் கையெழுத்திட்டீர்கள். இப்போது போய்விட்டால், அந்தப் பணத்தை 2 ஆண்டுகளுக்கு இன்றைய குறைந்த வட்டியில்தான் வேறொருவருக்குக் கொடுக்க முடியும். அந்த இழப்பை ஈடுசெய்துவிட்டுப் போங்கள்.

எனவே கேட்க வேண்டியது, "இன்றைய வட்டி" என்று எதை எடுக்கிறார்கள் என்பதுதான்.

2 ஆண்டுக்கு வங்கி இன்று உண்மையில் கொடுக்கும் வட்டி 4.04 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 1.20. அதை 400,000 டொலருக்கு 2 ஆண்டுக்குப் போட்டால் 9,600 டொலர். செயலி இந்த வழியில் போனது.

வங்கி போன வழி வேறு. வங்கிகள் போஸ்டட் ரேட் என்று ஒரு பட்டியல் வட்டியை வெளியிடுகின்றன. அந்த வட்டிக்கு யாரும் கடன் எடுப்பது அரிது. அதிலிருந்து தள்ளுபடி தருவதுதான் வழக்கம். நம் ஆள் கையெழுத்திட்ட நாளில் 5 ஆண்டுக்கான பட்டியல் வட்டி 6.84 சதவீதம். அவருக்குக் கிடைத்தது 5.24. எனவே தள்ளுபடி 1.60. இன்று 2 ஆண்டுக்கான பட்டியல் வட்டி 5.04. அதிலிருந்து அவருடைய பழைய தள்ளுபடியான 1.60ஐ வங்கி கழிக்கிறது. வருவது 3.44. இப்போது 5.24க்கும் 3.44க்கும் வித்தியாசம் 1.80. 400,000 டொலருக்கு 2 ஆண்டு: 14,400 டொலர்.

இங்கே ஒரு கணம் நிற்க வேண்டும். 3.44 சதவீதத்துக்கு அந்த வங்கி இன்று யாருக்கும் 2 ஆண்டுக் கடன் கொடுக்கவில்லை. பழைய 5 ஆண்டுத் தள்ளுபடியை இன்றைய 2 ஆண்டுப் பட்டியல் வட்டியிலிருந்து கழிப்பதால் உருவாகும் எண் அது. கையெழுத்திட்ட அன்று "உங்களுக்காக 1.60 குறைத்திருக்கிறோம்" என்று கேட்டு மகிழ்ந்த அதே தள்ளுபடி, முறிக்கும் அன்று அபராதத்தைக் கூட்டுகிறது. இது சட்டவிரோதம் அல்ல, ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும். ஆனால் கடன் எடுக்கும் நாளிலேயே இதை எளிய சொற்களில் விளக்கிச் சொல்லியிருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். எல்லாக் கடன் நிறுவனங்களும் இந்த வழியில் கணக்கிடுவதில்லை. உண்மை வட்டியை எடுப்பவர்களும் உண்டு. ஆகையால் இரண்டு இடங்களில் ஒரே வட்டி கிடைத்தால், அபராத முறையை ஒப்பிட்டுத் தேர்ந்தெடுப்பது நல்லது. 5 ஆண்டுகளுக்குள் வீட்டை விற்கவோ வேலை நிமித்தம் ஊர் மாறவோ வாய்ப்பு இருந்தால் இது இன்னும் முக்கியம்.

முறிப்பதில் லாபம் உண்டா

புதிய வட்டியில் எவ்வளவு மிச்சம் என்பதைச் செயலி பெரிய எழுத்தில் காட்டும். 5.24இலிருந்து 4.04க்கு வந்தால் 2 ஆண்டில் மிச்சமாவது சுமார் 9,600 டொலர். அபராதமும் 9,600 டொலர். இது தற்செயல் அல்ல. உங்களுக்கு மிச்சமாகும் தொகையும் வங்கி தனக்கு இழப்பு என்று சொல்லும் தொகையும் ஒன்றேதான். எளிய முறையில் கணக்கிட்டாலே சரிக்குச் சரி. பட்டியல் வட்டி முறையில் 4,800 டொலர் கையிலிருந்து போகிறது. வட்டி மிகக் கொஞ்சமே இறங்கியிருந்தால், 3 மாத வட்டி என்ற குறைந்தபட்ச அபராதம் வந்து மிச்சத்தை விழுங்கிவிடும். மீதமுள்ள காலத்தை மட்டும் பார்த்தால், மாறாத வட்டிக் கடனை அதே வங்கியில் முறித்து லாபம் காண்பது மிக அரிது.

முறிக்கவே கூடாது என்று இதற்குப் பொருள் இல்லை. 2 ஆண்டு கழித்து வட்டி மேலும் ஏறிவிடும் என்று அஞ்சுபவர் இன்றைய வட்டியை 5 ஆண்டுக்குப் பூட்டிவைக்க விரும்பலாம். அது எதிர்காலத்தைப் பற்றிய ஊகம். செயலியால் அதைச் சொல்ல முடியாது. வேறொரு நிறுவனம் உங்கள் வங்கியைவிட மிகவும் குறைந்த வட்டி தந்தாலும் கணக்கு மாறும். வீட்டை விற்பவருக்குத் தெரிவே இல்லை, ஆனால் அவர் வேறு வீடு வாங்குகிறார் என்றால் பழைய மோட்கேஜைப் புதிய வீட்டுக்குக் கொண்டுபோக முடியுமா என்று கேட்க வேண்டும். பல ஒப்பந்தங்களில் அதற்கு இடமுண்டு.

இன்னொரு வழி, பழைய வட்டியையும் புதிய வட்டியையும் கலந்து காலத்தை நீட்டுவது. 5.24 சதவீதத்தில் 24 மாதம் மீதி, புதிய 5 ஆண்டு வட்டி 4.24 என்றால், 24 மாதத்துக்குப் பழையதும் 36 மாதத்துக்குப் புதியதும் எடுத்துச் சராசரி பார்த்தால் 4.64 சதவீதம். அபராதம் என்று தனியாக எதுவும் கேட்கமாட்டார்கள். அதனால் அபராதமே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது, 4.24க்கும் 4.64க்கும் இடையிலுள்ள அந்த 0.40க்குள் அது கலந்திருக்கிறது, நீங்கள் 5 ஆண்டும் கட்டுவீர்கள்.

அபராதத்தைக் குறைக்க ஒரு நேர்மையான வழி உண்டு. பெரும்பாலான ஒப்பந்தங்கள் ஆண்டுதோறும் அசலில் ஒரு பகுதியை, பல இடங்களில் 10 முதல் 20 சதவீதம் வரை, அபராதமின்றி முன்கூட்டிக் கட்ட அனுமதிக்கின்றன. கையில் 20,000 டொலர் இருந்தால் அதை முதலில் கட்டிவிட்டு, குறைந்த பாக்கியின் மீது அபராதத்தைக் கணக்கிடச் சொல்லலாம். 1.80 வித்தியாசத்தில் 2 ஆண்டுக்கு அது 720 டொலர் மிச்சம். முறிப்பதற்குச் சற்று முன் இப்படிக் கட்ட உங்கள் ஒப்பந்தம் விடுகிறதா என்று படித்துப் பாருங்கள். 7 அல்லது 10 ஆண்டு ஒப்பந்தம் எடுத்தவர்களுக்கும் ஒரு செய்தி: 5 ஆண்டு கடந்துவிட்டால், வட்டிச் சட்டப்படி தனிநபரிடம் 3 மாத வட்டிக்கு மேல் அபராதம் கேட்க முடியாது.

வங்கியை அழைக்கும்போது

செயலியில் கணக்குப் பார்க்க உங்கள் பெயரோ தொலைபேசி எண்ணோ தேவையில்லை. சமூகக் காப்புறுதி எண் எந்தக் காலத்திலும் தேவையில்லை. பல செயலிகள் மோட்கேஜ் முகவர்களோடு இணைந்தவை. அதில் தவறில்லை, நல்ல முகவர் பெரிய உதவி. ஆனால் முடிவைக் காட்டுவதற்கு முன்பே விவரம் கேட்கும் செயலியிடம் அவற்றைக் கொடுக்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை.

பெரிய வங்கிகள் தங்கள் இணையதளத்தில் தங்கள் முறைப்படியான அபராதக் கணிப்பானையும் வைத்திருக்கின்றன. பொதுச் செயலியோடு அதையும் பாருங்கள். பிறகு வங்கியை அழைத்து, ஐந்து எண்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: இன்றைய பாக்கி, ஒப்பந்தம் முடியும் சரியான தேதி, கையெழுத்திட்ட நாளின் பட்டியல் வட்டி, அதில் உங்களுக்குக் கிடைத்த தள்ளுபடி, இன்று ஒப்பிட எடுக்கும் வட்டி. மோட்கேஜை விடுவிக்கும் கட்டணம் எவ்வளவு என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். அது அபராதத்தில் அடங்காத தனிச் செலவு. சொன்ன தொகையை எழுத்தில் தரச் சொல்லுங்கள், எந்தத் தேதிவரை அது செல்லும் என்பதோடு.

அந்த எண்களைச் செயலியில் இட்டால் வங்கி சொன்ன தொகைக்கு மிக அருகில் வர வேண்டும். வரவில்லையென்றால் மறுபடியும் அழைத்து, ஐந்தில் எது வேறுபடுகிறது என்று கேளுங்கள்.